கணினி படித்த மானிட்டரும் மேசையில் இருக்கும் மானிட்டரும்

கணினிக்குக் கண் கிடையாது. எதிரே மேசையில் இருப்பது 19 அங்குலமா 27 அங்குலமா, டிவியா மானிட்டரா என்று அது பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. கேபிள் வழியாக மானிட்டர் தன்னைப் பற்றி ஒரு சிறு குறிப்பு கொடுக்கிறது. கணினி அதை நம்புகிறது. அவ்வளவுதான். அந்தக் குறிப்புக்குப் பெயர் ஈடிஐடி. அடிப்படைக் குறிப்பின் மொத்த நீளம் 128 பைட். உங்கள் கணினி மானிட்டரைத் தப்பாக அடையாளம் கண்டால், 1440×900 ஓட வேண்டியதை 1024×768-இல் போட்டு மங்கலாகக் காட்டினால், மானிட்டரை டிவி என்று எண்ணிக்கொண்டு கறுப்பைச் சாம்பலாகக் காட்டினால், கோளாறு பெரும்பாலும் இந்த 128 பைட்டைச் சுற்றித்தான் இருக்கும்.

கல்வெட்டுக் குறிப்புகளைப் படிக்க இங்கே வருகிறவர்கள் இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இந்த 128 பைட்டையும் ஒரு பனுவலாகத்தான் வாசிக்கப் போகிறேன். எழுதியவர் யார், எங்கே பொய் சொல்கிறார், படிக்கிறவர் எங்கே தப்பாகப் படிக்கிறார் என்று கேட்பதற்கு இதிலும் இடம் இருக்கிறது. மெய்க்கீர்த்தியில் ராஜா தன் வெற்றிகளைத் தானே சொல்லிக்கொள்வது போல, இதில் மானிட்டர் தன் புகழைத் தானே சொல்லிக்கொள்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1987-இல் ஐபிஎம் விஜிஏ-வைக் கொண்டுவந்தபோது, அந்த 15 பின் கனெக்டரில் சில பின்களை மானிட்டரை அடையாளம் காணவென்றே ஒதுக்கினார்கள். மானிட்டருக்குள் எந்தப் பின் கிரவுண்டோடு சேர்ந்திருக்கிறது, எது சும்மா விடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, கலரா கறுப்பு வெள்ளையா என்ற அளவுக்குக் கணினி புரிந்துகொள்ளும். விதவிதமான மானிட்டர்கள் சந்தைக்கு வந்த பிறகு அது போதவில்லை. 1994-இல் வெசா என்ற தர அமைப்பு ஈடிஐடியை வெளியிட்டது. மானிட்டருக்குள் ஒரு சின்ன மெமரி சிப். விஜிஏ கேபிளில் 12-ஆம் பின் தகவலுக்கு, 15-ஆம் பின் கடிகாரத் துடிப்புக்கு. அந்தச் சிப்புக்கு வேண்டிய 5 வோல்ட்டைக் கணினியே 9-ஆம் பின் வழியாக அனுப்பலாம். அதனால் மானிட்டர் அணைந்திருந்தாலும் கேட்ட கேள்விக்குப் பதில் வரும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும். எச்டிஎம்ஐ வந்தபோது பின் எண்கள் மாறின, சங்கதி மாறவில்லை.

இனி பனுவல். முதல் 8 பைட் மங்கல வாழ்த்து மாதிரி, எல்லா மானிட்டருக்கும் ஒன்றேதான்: ஒரு பூஜ்யம், ஆறு 255, மறுபடி ஒரு பூஜ்யம். அடுத்த இரண்டு பைட்டில் தயாரிப்பாளரின் மூன்றெழுத்துக் குறி. ஓர் எழுத்துக்கு 5 பிட், மூன்றுக்கு 15 பிட், 2 பைட்டில் அடங்கிவிடும். அந்த இடத்தில் 30, 109 என்று இருந்தால் பிரித்துப் பாருங்கள்: 7, 19, 13. ஆங்கில அகரவரிசையில் 7-ஆவது ஜி, 19-ஆவது எஸ், 13-ஆவது எம். ஜிஎஸ்எம் என்றால் கோல்ட்ஸ்டார். அந்த கம்பெனி எல்ஜி என்று பெயர் மாற்றி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெட்டியில் எல்ஜி, முன்பக்கம் எல்ஜி, கேபிளுக்குள் மட்டும் இன்னும் கோல்ட்ஸ்டார். ஊர்ப் பெயர் மாறிய பிறகும் பத்திரத்தில் பழைய பெயரே ஓடுவது போல.

பிறகு மாடல் எண், சீரியல் எண், தயாரித்த வாரம், வருடம். வருடத்துக்கு ஒரே பைட். 1990-இலிருந்து எண்ண வேண்டும். 21 என்றிருந்தால் 2011. மானிட்டரின் பெயருக்கு 13 எழுத்து, அதுவும் ஆங்கில எழுத்து மட்டும். கடைசி பைட் கூட்டல் சரிபார்ப்பு: 128 பைட்டையும் கூட்டி 256-ஆல் வகுத்தால் மீதி வரக்கூடாது.

இந்தச் சிக்கனம் அழகுதான். 1994-இல் ஒரு சிப்பில் இரண்டு பைட் மிச்சம் பிடிப்பதற்கு அர்த்தம் இருந்தது. என் விமர்சனம் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. அந்தக் கூட்டல் சரிபார்ப்பு, வழியில் எழுத்து சிதைந்ததா என்று மட்டும்தான் சொல்லும். எழுதியதே பொய்யாக இருந்தால் கூட்டல் அழகாகச் சரியாக வரும்.

பொய் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. ஓர் உதாரணம், திரையின் அளவு. 21, 22-ஆம் பைட்டுகளில் அகலமும் உயரமும் சென்டிமீட்டரில். அதே அளவு சற்றுத் தள்ளி, விரிவான டைமிங் பகுதியில் மீண்டும் வரும், இந்த முறை மில்லிமீட்டரில்! ஒரே ஆவணத்தில் ஒரே பொருளுக்கு இரண்டு அலகு வைத்தால் என்ன நடக்கும்? நடந்தே இருக்கிறது. மில்லிமீட்டர் கேட்ட இடத்தில் சென்டிமீட்டர் எழுதிய தயாரிப்பாளர்களுக்காக லினக்ஸ் கெர்னலில் தனியாக ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இன்னும் சிலர் அளவு கேட்டால் விகிதத்தையே எழுதிவிட்டார்கள்: 16, 9. அதாவது 16 சென்டிமீட்டருக்கு 9 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு செல்போன். இதை நம்புகிற டெஸ்க்டாப், இத்தனை சின்னத் திரையில் இத்தனை புள்ளியா என்று எழுத்தை எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாக்கிவிடும். க்னோம் டெஸ்க்டாப்பின் நிரலில் இந்த 16-9, 16-10 எண்களைக் கண்டால் அளவை நம்பாதே என்று ஒரு சோதனையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சீரியல் எண்ணும் அப்படித்தான். பல மானிட்டர்களில் அந்த இடத்தில் பூஜ்யம், அல்லது 16843009. பெரிய எண்ணாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், நான்கு பைட்டிலும் 1 போட்டால் வருவது அது. தொழிற்சாலையில் யாரும் நிரப்பாமல் விட்ட இடம். ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கி வைத்தவர்கள், கணினி தூங்கி எழுந்ததும் இடது வலது மாறிவிடுகிறது என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயரை வைத்துவிட்டு, கூப்பிட்டால் தப்பான பிள்ளை வருகிறது என்றால் எப்படி?

1366×768 கதை இன்னும் சுவாரஸ்யம், ஏனென்றால் இதில் பொய் சொல்ல வைத்தது தரமே. ஈடிஐடியின் சுருக்க டைமிங் பகுதியில் அகலத்தை 8-ஆல் வகுத்து, 31 கழித்துத்தான் எழுத முடியும். 1366-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 6. எனவே அங்கே 1366 என்று எழுதவே முடியாது. 1360 என்றோ 1368 என்றோதான் எழுத முடியும். லட்சக்கணக்கான லேப்டாப்களிலும் சிறிய டிவிக்களிலும் இருந்த ஒரு திரை அளவை, அந்த அளவை அறிவிக்கிற படிவத்தின் ஒரு பகுதியிலேயே எழுத இடமில்லை! விரிவான பகுதியில் எழுதலாம். எழுதாமல் விட்டவர்களும் உண்டு. லினக்ஸ் இப்போதும் சுருக்கப் பகுதியில் 1368×769-ஐப் பார்த்தால், ஓகோ 1366-ஐத்தான் சொல்ல வருகிறாய் என்று தானே திருத்திக்கொள்கிறது.

டிவி என்று நினைத்துக்கொள்ளும் கோளாறையும் சொல்லிவிடுகிறேன். எச்டிஎம்ஐ காலத்தில் 128 பைட்டுக்குப் பின்னால் டிவிக்கான இன்னொரு 128 பைட் ஒட்டிக்கொண்டது. அதில் எச்டிஎம்ஐ என்ற அடையாளம் இல்லையென்றால் ஒலி வராது. இருந்தால், 1920×1080 போன்ற டிவி டைமிங்குகளில் நிறத்தை 0 முதல் 255 வரை அனுப்பாமல் டிவி முறையில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிற வழக்கம் உண்டு. மானிட்டர் முழு அளவை எதிர்பார்த்தால் 16 என்பது அதற்குக் கறுப்பாகத் தெரியாது, சாம்பலாகத் தெரியும். படம் வெளுத்துப் போச்சு, பேனல் போயிடுச்சு என்பார்கள். பேனலுக்கு ஒன்றும் இல்லை. டிரைவர் அமைப்பில் வண்ண வரம்பை முழுமை என்று மாற்றினால் சரி.

இதுவரை சொன்னது எழுதியவரின் குற்றம். எனக்கு அதிகக் கோபம் படிப்பவர் மேல்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கூடத்தின் கணினி அறையைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். 14 மானிட்டர், 19 அங்குல அகலத் திரை, 1440×900. அவற்றில் 11-ஐச் சுவரோரம் அடுக்கி, கழித்துக்கட்டும் பட்டியலில் எழுதி வைத்திருந்தார்கள். எழுத்தெல்லாம் மங்கல், படம் பக்கவாட்டில் இழுத்தது போல இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கண் வலிக்கிறது என்று புகார். பராமரிப்புக்கு வந்த தம்பி நல்ல பையன்தான். திரையைக் காட்டினான்: ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர். "பழைய மாடல் சார், பிஎன்பி சப்போர்ட் இல்ல. சிஸ்டமே சொல்லுதே சார்" என்றான்.

மானிட்டரைத் திருப்பிப் பின்னால் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். தயாரித்த வருடம் 2010. 2010-இல் ஈடிஐடி இல்லாத எல்சிடி மானிட்டரா? வேலை செய்துகொண்டிருந்த மூன்றில் ஒன்றின் கேபிளைக் கழற்றி இதில் மாட்டினோம். உடனே பெயர் வந்தது, 1440×900 வந்தது. மற்ற கேபிள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வாங்கிய புதுசு, மெல்லிசு. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் 12-க்கும் 15-க்கும் இரண்டு முனைக்கும் தொடர்பே இல்லை. படத்துக்கு வேண்டிய கம்பிகளை மட்டும் ஓட்டி, பேச்சுக்கு வேண்டிய இரண்டு கம்பியை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். படம் வரும், ஆனால் மானிட்டரால் தன் பெயரைச் சொல்ல முடியாது. கணினி பெயர் கேட்டுப் பதில் வராததால் 1024×768-இல் போய் நின்றுகொண்டது. புது கேபிள் ஒன்று 150 ரூபாய்க்குள்.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. 'நான்-பிஎன்பி மானிட்டர்' என்ற பெயரைப் படித்துப் பாருங்கள். அது மானிட்டரின் குணத்தைச் சொல்கிற பெயர். இந்த மானிட்டர் இப்படிப்பட்டது என்கிறது. உண்மையில் நடந்தது என்ன? கணினி கேட்டது, பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது. கேபிளாக இருக்கலாம், நடுவில் இருக்கும் ஸ்விட்ச்சாக இருக்கலாம், மெமரி சிப் அழிந்திருக்கலாம், உண்மையிலேயே 1993-ஆம் வருட மானிட்டராகவும் இருக்கலாம். "என்னால் படிக்க முடியவில்லை" என்று எழுத வேண்டிய இடத்தில் "இவனுக்குப் பெயர் இல்லை" என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை நம்பி 11 நல்ல மானிட்டர்கள் காயலான் கடைக்குப் போக இருந்தன.

கல்வெட்டுப் பதிப்பாளர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு நேர்மையானவர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. எழுத்து சிதைந்திருந்தால் அந்த இடத்தில் புள்ளி வைப்பார்கள். கல்லின் முன்பகுதி சுவருக்குள் கட்டப்பட்டு மறைந்திருந்தால் மறைந்திருக்கிறது என்று குறிப்பார்கள். அரசன் பெயர் இருந்த இடம் பொரிந்து போயிருந்தால் "பெயரில்லாத அரசன்" என்று யாரும் பட்டியல் போடுவதில்லை. அச்சில் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கும் இந்த ஒழுக்கம், கணினித் திரையில் ஒரு வரி எழுதும்போது ஏன் இல்லாமல் போயிற்று?

இதன் மறுபக்கம் ஜெனரிக் பிஎன்பி மானிட்டர். 'நான்' என்ற ஒட்டு இல்லாதது. இது பயப்பட வேண்டிய செய்தியே இல்லை. ஈடிஐடியைப் படித்தாகிவிட்டது, தயாரிப்பாளர் தனி டிரைவர் ஃபைல் எதுவும் தரவில்லை, பொதுவானதைப் போட்டிருக்கிறேன் என்று மட்டுமே பொருள். ஆனால் டிவைஸ் மேனேஜரில் இதைப் பார்த்துவிட்டு, என் மானிட்டரைக் கணினிக்குத் தெரியவில்லை என்று மானிட்டர் டிரைவர் தேடிப் புறப்பட்டு, கண்ட சாஃப்ட்வேரையும் இறக்கிக்கொண்டவர்கள் ஏராளம். மானிட்டரின் 13 எழுத்துப் பெயர் அப்போதும் கணினியின் கையில் இருக்கிறது. அதே விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்தப் பெயர் சரியாகத் தெரியும். ஒரு ஜன்னலில் தெரிந்ததை அடுத்த ஜன்னல் மறைக்கிறது.

லினக்ஸை இதற்கு நேர் எதிராக வைத்துப் புகழ ஆசைதான். கெர்னலின் ஈடிஐடி நிரலைத் திறந்து பார்த்தால், எந்தத் தயாரிப்பாளரின் எந்த மாடல் என்ன தப்பு எழுதியிருக்கிறது என்று ஒரு நீளமான பட்டியல் இருக்கும். முதலில் சொன்ன டைமிங் தப்பு, பெரிய 60 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள் என்று ஒன்று. 135 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்வது அதிகம், குறைத்துக்கொள் என்று ஒன்று. தொடக்க வாழ்த்தின் 8 பைட்டில் 6 சரியாக இருந்தாலே மீதியைத் தானே திருத்திக்கொள்ளும். பாட வேறுபாடு பார்த்துத் திருத்துகிற பழைய உரையாசிரியர் வேலை இது. யாரோ ஒருவர் தன் மேசையில் பட்ட கஷ்டம் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. ஆனால் திருத்தியதை நமக்குச் சொல்கிறதா? சொல்வதும் கெர்னல் லாகுக்குள் எங்கேயோ. டெஸ்க்டாப்பில் இருப்பவருக்கு முடிவு மட்டும்தான் தெரியும். திருத்தம் அவருடைய மானிட்டருக்குப் பொருந்தாவிட்டால் எங்கே போய்த் தேடுவது என்று தெரியாது. உரையாசிரியராவது "என்பாரும் உளர்" என்று ஒரு வார்த்தை வைப்பார்.

நடுவில் ஸ்விட்ச் இருந்தால் சிக்கல் வேறு மாதிரி. ஒரு மானிட்டரை இரண்டு கணினிக்குப் பகிர்கிற பெட்டிகளில் மலிவானவை, எந்தக் கணினி பக்கம் திருப்பி வைத்திருக்கிறோமோ அதற்கு மட்டும்தான் ஈடிஐடியைக் காட்டும். மற்றது அந்தச் சமயத்தில் பூட் ஆனால் அதற்கு மானிட்டரே இல்லை. விலை கூடியவை ஈடிஐடியைத் தங்களுக்குள் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், அல்லது தங்கள் சொந்த ஈடிஐடியையே நீட்டும். அப்போது கணினி பெட்டியைத்தான் மானிட்டர் என்று எண்ணிக்கொண்டிருக்கும். மானிட்டரை மாற்றியும் பழைய பெயரே காட்டுகிறது என்றால் முதலில் இந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள்.

கோளாறு தேடுகிறவர்களுக்கு என் யோசனை: மானிட்டரைச் சந்தேகிக்கும் முன், கணினி எதைப் படித்தது என்று பாருங்கள். லினக்ஸில் சிஸ் ஃபோல்டருக்குள் டிஆர்எம் பகுதியில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஈடிஐடி ஒரு ஃபைலாக இருக்கும். அது காலியாக இருந்தால் பேச்சு வரவில்லை. கேபிள், ஸ்விட்ச், அடாப்டர் என்று போகலாம். காலியாக இல்லையென்றால் ஈடிஐடி-டிகோட் என்ற கருவியில் கொடுங்கள். அது பெயர், வருடம், அளவு எல்லாம் வரிவரியாகப் பிரித்துக் காட்டி, எங்கே தரத்தை மீறியிருக்கிறது என்றும் கடைசியில் முகத்துக்கு நேரே சொல்லும். மானிட்டரின் பின்னால் இருக்கும் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரே வேறாக இருந்தால் நடுவில் யாரோ பேசுகிறார்கள். பெயர் சரி, அளவோ டைமிங்கோ தப்பு என்றால் எழுதியவர் குற்றம். அதற்குத் திருத்திய ஈடிஐடியைக் கெர்னலுக்குக் கொடுக்க வழி இருக்கிறது, விண்டோஸிலும் இருக்கிறது. சுவரில் இருக்கும் பிளக்கைப் பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டுவதையும் சிரிக்காமல் செய்து பாருங்கள். மானிட்டருக்குள் இருக்கும் சின்ன கன்ட்ரோலரும் ஒரு கணினிதான், அதுவும் மாட்டிக்கொண்டு முழிக்கும்.

இயங்குதளங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒரு வரி. "மானிட்டர் சொன்னது இது", "படிக்க முடியவில்லை, கேபிளைப் பார்க்கவும்", "சொன்னதை நான் திருத்தியிருக்கிறேன்". மூன்றில் எது நடந்ததோ அது. இந்த மூன்றும் டிரைவருக்குத் தெரியும். ஆனால் கீழேயிருந்து திரை வரைக்கும் வருவதற்குள் மூன்றும் ஒரே பெயராகச் சுருங்கிவிடுகின்றன.

ஈடிஐடி இன்னும் எத்தனை நாள் என்று கேட்கலாம். விரிவான டைமிங்கில் அகலத்துக்கு 12 பிட், அதாவது 4095 வரைதான். 5120 அகலத் திரைக்கு அதில் இடமில்லை. அதற்காக வெசா 2007-இலேயே டிஸ்ப்ளேஐடி என்ற அடுத்த அமைப்பை வெளியிட்டது. ஆனாலும் கடையில் இன்று வாங்கும் மானிட்டர்களில் பெரும்பாலானவை முதல் 128 பைட்டை அதே பழைய பாணியில்தான் சொல்லி, புதியதைப் பின்னால் ஒட்டுகின்றன.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். ரெஜிஸ்ட்ரியில் ஈனம் என்று ஒரு கிளை இருக்கிறது. பட்டியலிடுதல் என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் சுருக்கம், தமிழில் வாசித்துப் பயப்பட வேண்டாம். அதற்குள் டிஸ்ப்ளே என்று போனால், அந்தக் கணினியில் மாட்டிய மானிட்டர்கள் மூன்றெழுத்துக் குறியோடு வரிசையாக இருக்கும். கழற்றியவையும் அங்கேயே கிடக்கும், ஒவ்வொன்றின் ஈடிஐடியும் உள்ளே. என் பழைய மடிக்கணினியில் 23 இருந்தன. மீட்டிங் ரூம் புரொஜெக்டர்கள், லாட்ஜ் டிவிக்கள், அந்தப் பள்ளிக்கூடத்து 19 அங்குலம் ஒன்று. இரண்டை எங்கே மாட்டினேன் என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒன்றின் தயாரிப்பு வருடம் 2006, வாரம் 31. மற்றதில் வாரம், வருடம், பெயர் மூன்றும் காலி. சீரியல் எண் மட்டும் 16843009.